பனி என்று எழுதிய கடிதமும் கஞ்சி போட்ட கோட்டும்

அண்ணனுடைய கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது செய்தி அல்ல, கையெழுத்து. சங்கரலிங்கம் அண்ணன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். அந்தக் கடிதத்தில் ‘ன’வும் ‘ள’வும் ஒன்றுபோல இருந்தன. வரிகள் ஏறி இறங்கின. இரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

நேபாள மலையில் சாலை போடும் ஒரு கம்பெனியில் அவன் ஓவர்சியர். தினமும் விடிந்ததும் ஆபீஸ் மோட்டார் சைக்கிளில் கணவாயைத் தாண்டிப் போய், பாலம் கட்டும் இடத்தில் மட்டம் எடுத்து, லெவல் புக்கில் எழுதிக்கொண்டு வர வேண்டும். “பனியில் விரல் மரத்துப்போகுது. நான் எழுதுன ஏழு எனக்கே ஒண்ணாத் தெரியுது. இப்படியே இருந்தா தை பிறந்ததும் என்னைக் கீழே ஸ்டோருக்கு மாத்திருவேன்னு பெரிய இன்ஜினியர் சொல்லிட்டார்” என்று எழுதியிருந்தான். அந்தச் சாலைக்கு முதல் முளைக்குச்சி அடித்த நாளிலிருந்து அங்கே இருப்பவன் அவன். அவனை சிமெண்ட் மூட்டை எண்ணச் சொன்னால் என்ன ஆவான் என்று எங்களுக்குத் தெரியும்.

மதினி கடிதத்தை இரண்டு தடவை படித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். “நாம போவோம் கோமதி. அவுக கையை நான் கண்ணால பாக்கணும்” என்றாள். இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் தனியாகவா என்று தெருவே கேட்டது. “தனியா எங்க? ரெண்டு பேரு போறோம்லா” என்று அதற்கும் அவளே பதில் சொன்னாள்.

அது எண்பதுகளின் ஆரம்பம். ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து, சங்கரன்கோவிலில் ஒரு சைசிங் பட்டறையில் நான் சூபர்வைசராக இருந்தேன். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவதுதான் எங்கள் வேலை. கஞ்சி இல்லாவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஊரில் என்னைக் ‘கஞ்சி இன்ஜினியர்’ என்பார்கள். அண்ணனுக்கு நான் வெறும் கஞ்சிக்காரி.

ஐந்து நாள் பட்டறை முடிந்ததும் உட்கார்ந்து, அண்ணனுக்குப் பனி தாங்குகிற உடுப்பு செய்தேன். நோட்டில் எழுதி வைத்த பட்டியல் இன்னும் இருக்கிறது. ஒன்று, கோட்டு: வெளியே நெருக்கமாக நெய்த காடாத்துணி, நடுவே தறிக் கழிவுப் பஞ்சு, உள்ளே பழைய ஃபிளானல். இரண்டு, வண்டியின் கைப்பிடிகளில் கட்டுகிற உறைகள் ஒரு ஜோடி. வெளியே அதே காடா, உள்ளே மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் வாங்கிய கறுப்புக் கம்பளி. மூன்று, முழங்கால் மறைப்பு, லாரித் தார்ப்பாயில். நான்கு, கோட்டுக்குள் மார்புக்கு நேரே செருக, துணிக்குள் வைத்துத் தைத்த எட்டு மடிப்பு நியூஸ்பேப்பர். ஐந்து, குரங்குக் குல்லாவில் தைத்த கண் மறைப்பு, கழுவிய எக்ஸ்ரே ஃபிலிமில். ஃபிலிம் முழுதாகக் கழுவப்படவில்லை. இடது கண்ணோரம் யாருடைய விலா எலும்போ இரண்டு மங்கலாகத் தெரிந்தது.

காற்று ஊடுருவக் கூடாது என்பதுதான் என் கணக்கு. காடாவில் ஏற்கனவே கஞ்சி உண்டு. போதாதென்று இன்னொரு முறை தொட்டியில் முக்கி எடுத்து உலர்த்தினேன். துணியை வாயருகே பிடித்து ஊதினால் எதிரே மெழுகுவர்த்தி அசையவில்லை. மெழுகும் பூசலாமா என்று யோசித்தேன். வெயிலில் உருகி ஒழுகுமே என்று விட்டுவிட்டேன். இமயமலைக்குப் போகிற கோட்டைப் பற்றி நான் யோசித்தது சங்கரன்கோவில் வெயிலில் நின்றுகொண்டுதான்.

சோதனையும் செய்தேன். ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பார் ஐஸ் வரவழைத்து, அதன் பின்னால் பட்டறையின் பெடஸ்டல் ஃபேனை வைத்து, எதிரே கைப்பிடி உறைக்குள் கைவிட்டு நின்றேன். உள்ளே வந்த முதலாளி அண்ணாச்சி ஐஸையும் ஃபேனையும் என்னையும் பார்த்தார். “ஏம்மா, நீ நேபாளத்துக்குப் போறியா, நேபாளத்தை இங்கன கொண்டாரியா?” என்றார். இருபது நிமிஷம் கழித்துக் கையை எடுத்து, ஓர் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போட்டேன். நுனிவிரலில் போடுகிற சின்ன முடிச்சு அது. எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளையும் போடும். விரல் மரத்திருந்தால் யாராலும் போட முடியாது. நான் ஒரே தடவையில் போட்டேன். பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே சரிக்குறி போட்டேன்.

ரயிலில் இரண்டாம் நாள் புளியோதரை தீர்ந்தது. மூன்றாம் நாள் காபி என்ற வார்த்தைக்கே மதிப்பில்லாத ஊர்கள் வந்தன. மண் கோப்பையில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு எறிய மனசில்லாமல் மதினி நாலு கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டாள். எதிர் சீட்டில் லீவு முடிந்து திரும்புகிற ஒரு ராணுவக்காரர் எங்கள் மூட்டையில் என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். கைப்பிடி உறையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டவர், அடுத்த ஸ்டேஷன் வரை வெளியே எடுக்கவில்லை. அதைவிட நல்ல சர்டிபிகேட் எனக்குப் பாலிடெக்னிக்கில்கூடக் கிடைக்கவில்லை.

எல்லைச் சாவடியில் வேறு மாதிரி. கோட்டு, உறை, குல்லா எல்லாவற்றையும் உதறிப் பார்த்த போலீஸ்காரர் மதினியின் சுருக்குப்பையில் இருந்த பொடியைப் பிடித்துக்கொண்டார். கோவில் புற்றுமண் அது. எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் முதலில் அதைத்தான் குழைத்துப் போடுவார்கள். அண்ணன் விரலுக்கென்று கொண்டுவந்திருந்தாள். போலீஸ்காரர் மோந்து பார்த்தார். சந்தேகம் தீராமல் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். “நல்லதுதான் அண்ணாச்சி, வயித்துக்கும் ஆகும்” என்றாள் மதினி, தமிழில். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

மலை பஸ்ஸின் முன்கண்ணாடியில் பாதிதான் கண்ணாடி. மீதி அட்டை. உச்சியை நெருங்கியதும் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் முத்து நிற்காமல் வழிந்து போவதற்காம். அவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தியபோது உள்ளே நியூஸ்பேப்பர் தெரிந்தது. என் பட்டியலின் நான்காவது. நான் மதினியை இடித்துக் காட்டினேன். “ஒனக்கு இங்கனயே ஒரு சொந்தக்காரர் இருக்காரு பாரு” என்றாள். பிறகு டயர் பஞ்சர். கூரைமேலிருந்த ஆடுகளையும் இறக்கி, எல்லாரும் இறங்கி நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தில் என் கண்ணிமை, தலைமுடி, சேலைத் தலைப்பு எல்லாம் நனைந்துவிட்டன. மழை பெய்யவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முகாமில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான். மதினி அவன் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நுனிகள் நீலம் கலந்த சிவப்பு. தோல் வெடித்திருந்தது. நான் என் நோட்டைக் கட்டியிருந்த பாவு நூலில் ஒரு துண்டை எடுத்து, இரண்டாக அறுத்துக் கொடுத்தேன்.

“ஏட்டி கஞ்சிக்காரி, வந்ததும் பரீட்சையா?” என்றான். வாங்கினான். விரலுக்கு நடுவே நூல் நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான். அப்பா தறியில் அவன் ஓடி ஓடி முடிச்சுப் போட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினியர் வருகிறார், மாற்றல் காகிதம் ஏற்கனவே டைப் அடித்தாகிவிட்டது என்றான். அன்று செவ்வாய்.

புதன் காலை கோட்டு, குல்லா, மறைப்பு எல்லாம் மாட்டி, வண்டியில் உறைகளைக் கட்டி அனுப்பினோம். முகாம் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். யானைக்கு முகபடாம் கட்டியதுபோல் இருப்பதாக ஒருவர் சொன்னதை அண்ணன் மொழிபெயர்த்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து வண்டி திரும்பியது. அண்ணன் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. கோட்டின் கை இரண்டும் வண்டி ஓட்டும் வளைவிலேயே விறைத்து நின்றன. இரண்டு பேர் அவனைத் தூக்கி இறக்கினார்கள். தரையில் நின்றும் கைப்பிடியைப் பிடித்தவன்போலவே நின்றான். தட்டினால் பலகை மாதிரி சத்தம். உறைகளின் உட்பக்கம் மட்டும் பிசுபிசு என்று ஒட்டியது. விரல்கள் நேற்றைவிட மோசம்.

“வயக்காட்டுல நட்டு வைச்சா குருவி அண்டாது” என்றான். முகாமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “அண்ணே, நீ பனின்னுதான எழுதுன?” என்றேன்.

“ஆமா, பனிதான். பாத்தேல்லா, எப்படி நனைஞ்சிருக்கேன்னு. நம்மூரு மார்கழிப் பனிதான், இது பத்து மடங்கு.”

அப்போதுதான் புரிந்தது. அவன் எழுதியது சங்கரன்கோவில் பனி. விடியற்காலையில் புல்லை நனைக்கிற, தலையில் துண்டு போடச் சொல்கிற, ஈரப் பனி. இமயமலை என்றதும் நான் படித்தது காலண்டர் படத்துப் பனி. வெள்ளையாக, உலர்ந்து, ஐஸ் பார் மாதிரி. ஒரே வார்த்தை. அவன் ஊர் ஞாபகத்தில் எழுதினான், நான் ஊரைவிட்டு வெளியே போய்ப் படித்தேன். குளிருக்குச் சோதனை செய்தேன். ஈரத்துக்குச் செய்யவில்லை.

ஆனால் ஈரத்தில் துணி ஏன் இப்படி ஆனது என்பதை எனக்குச் சொன்னது ஓர் ஆடு. முகாமுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை நடத்திய அம்மாவை எல்லாரும் தீதி என்றார்கள், அக்கா என்று அர்த்தம். கடை முன்னால் உறைகளைக் காயப் போட்டிருந்தோம். தீதியின் ஆடு வந்து ஓர் உறையைக் கண் மூடி நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினால் சுற்றி வந்து மறுபடியும் நக்கியது. ஆட்டுக்கு வேறு என்ன பிடிக்கும்? கஞ்சி.

நான் முகாம் கம்பவுண்டரிடம் ஓடி டிங்சர் அயோடின் வாங்கி வந்து கோட்டில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலம், அப்படியென்றால் கஞ்சி. இரண்டு முறை போட்ட கஞ்சி அத்தனையும் துணியிலேயே இருந்தது. ஈரத்தில் கரைந்து, காற்றில் விறைத்து, அண்ணனைப் பலகையாக்கியிருந்தது. தறிக்குள் நூலைக் காப்பாற்றுகிற கஞ்சி தறிக்கு வெளியே வந்தால் கழுவப்பட வேண்டியது. முதலாம் ஆண்டுப் பாடம். மூன்று வருஷம் கஞ்சித் தொட்டி பக்கத்திலேயே நின்றவளுக்கு அது மறந்துவிட்டது.

மதினியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். “அழுதேன்னா பிரிச்சதை மறுபடி தைச்சிருவேன். அடுத்து என்ன, அதைச் சொல்லு” என்றாள்.

அடுத்தது, கஞ்சியை எடுக்க வேண்டும். வெறும் தண்ணீருக்கு முழுதாகப் போகாது. முளைகட்டிய தானியத்தின் சத்து கஞ்சியைச் சர்க்கரையாக்கிக் கரைக்கும் என்று படித்திருக்கிறேன். தானியத்துக்கு எங்கே போவது? தீதியின் கடைக்குள் போய் அண்ணனை விட்டுக் கேட்டேன். அவள் ஒரு மரப் பானையைத் திறந்து காட்டினாள். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. கையில் அள்ளிப் பார்த்தேன். கேழ்வரகு. எங்கள் ஊரில் கூழாகிற அதே கேழ்வரகு. இங்கே வேகவைத்து, ஏதோ உருண்டையைப் பொடித்துத் தூவி, மூடி வைத்துச் சாராயம் மாதிரி ஒன்று காய்ச்சுகிறார்கள். அது இரண்டாம் நாள் பானை. இன்னும் இனிப்பாகவே இருந்தது. இனிப்பு இருக்கிறதென்றால், மாவைச் சர்க்கரையாக்குகிற வேலை அதற்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“உங்க தங்கச்சி குடிப்பாளா?” என்று தீதி கேட்டதாக அண்ணன் சொன்னான். இல்லை, கோட்டுக்கு என்று சொல்லச் சொன்னேன். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பாதிப் பானையைக் கொடுத்தாள். மதினி மூக்கைப் பொத்திக்கொண்டாள். “கோமதியம்மா, நீயே பொறுத்துக்கோ” என்று எங்கள் ஊர் அம்மன் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அவள்தான் முழங்கை வரை விட்டுத் துணியைப் பிசைந்தாள்.

கை பொறுக்கும் சூட்டில், அடுப்போரம், மறுநாள் காலை வரை ஊறவைத்தோம். கொதிநீரில் மூன்று அலசல். ஒரு சொட்டு அயோடின். மஞ்சளாகவே நின்றது. முகாமில் யாருக்கும் அந்த மஞ்சளின் அர்த்தம் தெரியாது. நான் மட்டும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொதிநீர் இன்னொரு நன்மையும் செய்தது. காடா சுருங்கி, நெசவு முன்னைவிட நெருங்கிவிட்டது. கூடவே கோட்டின் கைகளும் நாலு விரல்கடை குட்டையாகிவிட்டன. மதினி பிரித்ததை மறுபடி தைத்து, தன் மெரூன் சால்வையின் கரையை வெட்டி மணிக்கட்டில் ஒட்டுக் கொடுத்தாள். கடைத்தெருவில் தேன்மெழுகு கிடைத்தது. அது குளிரில் வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கடுகெண்ணெய் சேர்த்து உருக்கி, துணியில் தடவி, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உள்ளே இறக்கினேன். கடுகெண்ணெய்ச் சமையல் ஆகாமல் மூன்று நாளாக வெறும் சோறும் இட்லிப்பொடியும் தின்றுகொண்டிருந்தாள் மதினி. “இந்த எண்ணெய்க்கு இதுதான் சரியான வேலை” என்றாள்.

இந்த முறை சோதனையை அந்த ஊர் முறையில் செய்தேன். கோட்டைத் தீதியின் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் முத்தாக உருண்டு விழுந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஆடு வந்தது, மோந்தது, போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. பெரிய இன்ஜினியரின் ஜீப் எட்டரைக்கு வந்தது. தாடியும் தடிக் கண்ணாடியுமாக, அதிகம் பேசாத மனிதர். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேஜைமேல் ஃபைலை விரித்து வைத்துக் காத்திருந்தார். மாற்றல் காகிதம் மேலேயே இருந்தது. அண்ணன் ஆறு மணிக்கே கணவாய்க்குப் போயிருந்தான். வெளியே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மதினி கதவருகே நின்றாள். நான் நோட்டைத் திறந்து பட்டியலைப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

ஒன்பது ஆகும்போது முதலில் சத்தம் வந்தது. பிறகு முன்விளக்கு. பிறகு மெரூன் நிறத்தில் இரண்டு மணிக்கட்டு. அண்ணன் வண்டியை நிறுத்தி, தானாகக் காலை வீசி இறங்கினான். குல்லாவை எடுத்ததும் மதினியைப் பார்த்து, கணவாய் காவலாளி தன்னை மோந்து பார்த்து நிறுத்திவிட்டான் என்றான். “நான் இல்லப்பா, கோட்டுதான் குடிச்சிருக்குன்னு சொன்னேன். கோட்டை மோந்துட்டு விட்டுட்டான்.”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. லெவல் புக்குக்காகக் கையை நீட்டினார். பக்கத்தைப் புரட்டினார். முந்தைய வாரப் பக்கத்தைத் திருப்பி, இதோடு வைத்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஏழு ஏழாக இருந்தது. ஒன்று ஒன்றாக இருந்தது. பள்ளிக்கூடப் பரிசு வாங்கிய கை.

அவர் விரல் குறிப்புக் கட்டத்தில் நின்றது. அங்கே அண்ணன் தமிழில் ஏதோ எழுதியிருந்தான். இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டி, “என் தங்கை, சார். டெக்ஸ்டைல் இன்ஜினியர். அவள் வாசிப்பாள்” என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

நான் வாசித்து, வரிவரியாக இங்கிலீஷில் சொன்னேன். “வானிலை: பனி, நம்மூர்ப் பனி, ஈரம். கோட்டு: உலர்ந்திருக்கிறது. விரல்: பத்தும் வேலை செய்கின்றன.”

அவர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். மாற்றல் காகிதத்தை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அண்ணனுடைய கோட்டுக் கையைத் தொட்டு, உரசி, மோந்து பார்த்தார். முகாமில் இன்னும் ஆறு பேர் வண்டி ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் வேண்டும், என்னென்ன சாமான் தேவை என்று எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்.

நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். ஒன்று என்று போட்டு, அதற்கு எதிரே எழுதினேன்: ‘முதலில் கஞ்சியை எடுக்கவும்.’

அண்ணன் குனிந்து அதைப் படித்தான். என் நோட்டோரம் தொங்கிய நூலை இழுத்து அறுத்தான். அங்கேயே நின்றபடி, பார்க்காமலேயே, முடிச்சுப் போட்டு என் கையில் வைத்தான்.